சொட்டு நின்ற வண்டி

தெருவில் எந்த வீட்டில் தண்ணீர் ஒழுகினாலும் குழாய்க்காரரைக் கூப்பிடுவார்கள். அந்தக் குழாய்க்காரரின் வண்டியே ஒழுகினால் யாரைக் கூப்பிடுவது என்று கேட்டுச் சிரிக்காத ஆள் அந்தத் தெருவில் பாக்கியில்லை. முடிவெட்டுகிறவர் கேட்டார், பால் ஊற்றுகிறவர் கேட்டார், யாரிடமும் இரண்டு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாத தபால்காரர்கூட சைக்கிளை நிறுத்திக் கேட்டுவிட்டுப் போனார். எல்லாருக்கும் அவரிடம் ஒரே பதில்தான். ஒழுகுவது வண்டி, நான் இல்லை என்பார். சொல்லிவிட்டு வண்டிக்கு அடியில் போய்விடுவார். அங்கே வந்து யாரும் கேலி பேச முடியாது.

அவர் லேசுப்பட்ட குழாய்க்காரர் இல்லை. பாதிச் சுவரை இடித்துப் போட்டுவிட்டு, இங்கே இல்லை போலிருக்கிறதே என்று தலையைச் சொறிகிற ரகம் வேறு. இவர் சுவரில் காதை வைத்துக் கேட்பார், ஒரே ஒரு கல்லை எடுப்பார், அதற்குப் பின்னால் ஓட்டை இருக்கும். முப்பத்து நான்கு வருடம் இப்படிக் குந்தியும் மண்டியிட்டுமே பிழைத்தார். கழுவுதொட்டிக்கு அடியிலும் கழிப்பறை மூலையிலும் தேய்ந்த முட்டிகள் ஐம்பத்தாறு வயதில் கைவிரித்துவிட்டன. இனிமேல் குந்தவே கூடாது என்றார் மருத்துவர். குந்தாமல் குழாய் வேலை செய்வது எப்படி என்பதை அவரும் சொல்லவில்லை.

அதன் பிறகு வீட்டைச் சுமந்தது அவர் மனைவி. ஊரின் பெரிய சலவை நிலையத்தில், விடுதிகளிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிற அறையில் அவளுக்கு வேலை. காலை ஆறரைக்குப் போனால் மாலை ஐந்து வரை நிற்க வேண்டும். அந்த அறையில் நாற்காலி என்பதே கிடையாது. நாற்காலி இருந்தால் உட்காரத் தோன்றும் என்பது முதலாளியின் சித்தாந்தம். வீடு திரும்பும்போது அவள் கால்கள் செருப்பின் வாரை மீறிப் புடைத்திருக்கும். கணுக்கால் இருந்த இடமே தெரியாது. கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழும், அந்தக் குழி நிரம்ப வெகுநேரம் ஆகும். அவளே அழுத்திக் காட்டி, பிசைந்து வைத்த மாவுபோல் இருக்கிறது பாருங்கள் என்று சிரிப்பாள். அவரால் கூடச் சேர்ந்து சிரிக்க முடியாது. அந்தக் கால்களைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது. இவளை அந்த அறையிலிருந்து வெளியே கொண்டுவர வேண்டும். இரண்டு வருடமாக அவருக்கு வேறு ஆசையே இல்லை.

அப்போதுதான் அந்தச் செய்தி வந்தது. ஊருக்குத் தண்ணீர் தருகிற நீர்த்தேக்கத்துக்கு மேலே, மலைச்சரிவில், புதிய நீரேற்று நிலையம் கட்டப்போகிறார்கள். மூன்று வருட வேலை. தினமும் ஆறு ஆட்களையும் தளவாடங்களையும் ஒன்பது கிலோமீட்டர் மண்பாதையில் ஏற்றி இறக்க, நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி வேண்டும். வண்டியும் ஓட்டுநரும் ஒரே ஆளாக இருந்தால் நல்லது, குழாய் வேலை தெரிந்தவராக இருந்தால் இன்னும் நல்லது. மாதச் சம்பளமோ இரண்டு பேர் வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்து சாப்பிடலாம் என்கிற அளவுக்கு இருந்தது. இந்த வேலைக்கென்றே கடவுள் என் முட்டியைத் தேய்த்திருக்கிறார் என்று குழாய்க்காரர் சொன்னார். கடவுளுக்கு வேறு வேலை இல்லை பாருங்கள் என்றாள் மனைவி.

நிபந்தனை ஒன்று இருந்தது. ஊரே குடிக்கிற தண்ணீர், அதன் கரையில் ஒரு சொட்டு எண்ணெய்கூட விழக்கூடாது. அதற்காக நீர்த்தேக்கத்தின் நுழைவாயிலில் ஒரு சிமெண்ட் தளம் போட்டு, சுண்ணாம்பு அடித்து வைத்திருந்தார்கள். வண்டியை அதன்மேல் நிறுத்தி, இயந்திரம் ஓட ஓட அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். தளம் வெள்ளையாகவே இருந்தால் உள்ளே போகலாம். ஒரு கறுப்புப் புள்ளி விழுந்தாலும் திரும்ப வேண்டியதுதான். காவலாளி வாளியும் மட்டையுமாக வந்து அந்தப் புள்ளியின்மேல் மறுபடி சுண்ணாம்பு அடிப்பார். ஒரு வண்டிக்கு மூன்று தடவைதான் வாய்ப்பு.

குழாய்க்காரர் தன் தளவாடங்களை விற்றார். குழாயில் மரை போடுகிற இயந்திரம், இரண்டு பெரிய ரெஞ்சுகள், ஏணி, எல்லாம் போயின. ஒரு சிறு தோள்பையில் கொள்கிற சாமான்களை மட்டும் மனசு வராமல் வைத்துக்கொண்டார். வந்த பணத்தில், எங்கோ அரசாங்கக் கிடங்கில் ஏலம் போய் மூன்று கை மாறிய இருபத்தெட்டு வயது வண்டி ஒன்றை வாங்கினார். நான்கு சக்கரமும் இழுத்தன, அதில் குறையில்லை. ஆனால் மேலே மழை ஒழுகிற்று, கீழே எண்ணெய் ஒழுகிற்று. வாங்கி வந்த அன்றே தூறல் பிடித்துக்கொண்டது. வண்டிக்குள் உட்கார்ந்து குடை பிடித்துக்கொண்டு வந்தவர்கள் உலகத்திலேயே தாங்கள் இரண்டு பேராகத்தான் இருக்கும் என்று அவர் மனைவி ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தாள். வண்டிக்கு அவள் வைத்த பெயர் இளையாள். உங்க இளையாளுக்கு நேத்து ராத்திரி எத்தனை சொட்டு என்று தினமும் விசாரிப்பாள்.

அந்த விசாரணைக்கு அவரிடம் சரியான பதில் இருக்கும். ஏனென்றால் அவர் வேலை செய்கிற முறை அப்படி. வண்டியை வீட்டு வாசலில் நிறுத்தி, எங்கெங்கே சொட்டுகிறதோ அங்கெல்லாம் ஒரு தகரடப்பாவை வைத்தார். மொத்தம் ஏழு. ஒவ்வொன்றிலும் சுண்ணக்கட்டியால் எண் எழுதினார். தினமும் காலையில் ஒவ்வொரு டப்பாவையும் அளவுக்கரண்டியால் அளந்து, சுவரில் மாட்டிய காலண்டரின் கட்டத்தில் குறித்துவைத்தார். மேல்மாடித் தொட்டியில் கசிவு தேடுகிற முறை இது. வண்டிக்கு மட்டும் ஏன் பொருந்தாது? ஓட்டை என்றால் ஓட்டைதானே என்பது அவர் கட்சி.

வண்டி வேலைக்கு ஒரு மெக்கானிக் கிடைத்தார். எண்ணெயைத் தொட்டு மோந்து பார்த்தே அது எங்கிருந்து வருகிறது என்று சொல்வதால் அவருக்கு மூக்கர் என்று பெயர். இரண்டு தெரு தள்ளி ஒரு கொட்டகை வைத்திருந்தார். ஒரு காலத்தில் அவர் வீடு முழுக்கக் குழாய்க்காரர் குழாய் போட்டுக் கொடுத்திருந்தார், அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் கூலியைப் பற்றிப் பேசாமல் வந்து போனார். புதிய சாமானுக்குக் கட்டுப்படியாகாது, பழைய இரும்புக் கடையில்தான் தேட வேண்டும் என்று முதல் நாளே பேச்சாகிவிட்டது.

டப்பாக்கள் ஒவ்வொன்றாக விடைபெற்றன. முதல் டப்பா ரேடியேட்டருடையது. அது தண்ணீர் சமாச்சாரம், குழாய்க்காரரே ஈயம் வைத்துப் பற்றவைத்தார். கூரையின் ஓட்டைகளும் அவர் கையால் மூடின. இயந்திரத்தின் முன்பக்கக் கசிவுக்குத் தக்கைத் தாளில் கேஸ்கட் வெட்டினார்கள். பின்பக்கக் கசிவு ஆளைக் கொன்றது. அதை அடைய கியர்ப் பெட்டியையே கழற்ற வேண்டியிருந்தது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாக, கழற்றிய பெட்டிக்குள் தேய்ந்த சாமான் இன்னும் நாலு கிடைத்தது. அந்தப் பூதத்தை அடக்க மூன்று ஞாயிறுகள் போயின. எட்டாவது ஞாயிறு முடிந்தபோது வாசலில் ஒரே ஒரு டப்பா மிச்சம் இருந்தது. அது பின் அச்சுக்குக் கீழே இருந்த ஏழாம் நம்பர்.

பின் சக்கரங்களுக்கு உள்ளே ஆளுக்கொரு ரப்பர் வளையம் உண்டு. அச்சுக்குள் இருக்கும் எண்ணெய் பிரேக்குப் பக்கம் வராமல் தடுப்பது அந்த வளையம்தான். இரண்டும் பழசு, விளிம்பு விறைத்துப் போயிருந்தது. ஆனால் அங்கே சொட்டவில்லை. முதல் சம்பளம் வந்ததும் மாற்றிக்கொள்ளலாம், அதுவரை தாங்கும் என்று மூக்கர் சொன்னார். பிரேக்குக் கட்டைகளுக்கு மட்டும் புதுப் பட்டை ஒட்டி மாட்டினார். ஏழாம் நம்பர் டப்பாவைப் பற்றி அவருக்குப் பெரிய கவலை இல்லை.

"பழைய வண்டிண்ணே, கொஞ்சம் ஒழுகத்தான் செய்யும். ஒழுகுற வரைக்கும் உள்ள எண்ணெய் இருக்குன்னு அர்த்தம்" என்றார்.

குழாய்க்காரருக்கு இந்தப் பேச்சு பிடிக்கவில்லை. வேலைக்குச் சோம்பினவன் பேசுகிற பேச்சு என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டார். ஒழுகும் வீட்டுக்காரரிடம் அவர் ஒருநாளும் இப்படிச் சொன்னது கிடையாது. எண்ணெய் குறைந்துபோய் வேறு வம்பு வந்துவிடக்கூடாதே என்று, ஆரம்பத்திலிருந்தே மூக்கர் ஊற்றிய அளவுக்கு மேலேயே ஒரு கரண்டி பின் அச்சில் ஊற்றியும் வந்தார்.

முதல் சோதனையில் பதினெட்டாவது நிமிடம் சொட்டு விழுந்தது. கியர்ப் பெட்டியின் ஒரு திருகு தளர்ந்திருந்தது, இறுக்கினார்கள். இரண்டாவது சோதனையில் இருபத்தேழு நிமிடம் வரை தளம் பால்போல் இருந்தது. குழாய்க்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு பின்னால் ஒரே ஒரு சொட்டு விழுந்தது. வேலைத்தளத்தின் மேற்பார்வையாளர் ஓர் இளம்பெண். அதிகாரம் காட்டுகிற ஆள் இல்லை. அவளே குனிந்து எட்டிப் பார்த்துவிட்டு, தன் வண்டியே ஒழுகிவிட்டதுபோல் முகம் வாடி நிமிர்ந்தாள்.

"இன்னும் ஒரு தடவைதாங்க இருக்கு. வெள்ளிக்கிழமை வாங்க. அதுக்கு மேல என் கையில இல்லை."

கத்தியிருந்தாலாவது திருப்பிக் கத்தியிருக்கலாம். நல்லவர்களிடம் என்ன சண்டை போடுவது? அவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தார். வருகிற வழியில் மூக்கரின் கொட்டகை பூட்டியிருந்தது. மாமியாருக்கு உடம்பு முடியவில்லை என்று வெளியூர் போயிருந்தார், சனிக்கிழமைதான் வருவாராம். அன்று செவ்வாய்.

புதன்கிழமை காலையில் குழாய்க்காரர் தானே வண்டிக்கு அடியில் போனார். குந்த முடியாது, மண்டியிட முடியாது. ஒரு பலகையின் அடியில் நாலு சின்னச் சக்கரம் அடித்து, அதில் மல்லாந்து படுத்து, கையால் தரையை உந்தி உள்ளே போனார். பின் அச்சை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தார். அதன்மேல் முகப்பவுடர் தூவினார், கசிவு எங்கே ஆரம்பிக்கிறது என்று பவுடர் நனைகிற இடம் சொல்லும். மனைவியின் பவுடர் டப்பா அத்தோடு காலி. இயந்திரத்தை ஓடவிட்டு, பின்சக்கரங்களைத் தூக்கி நிறுத்திச் சுற்றவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து மறுபடி அடியில் போனார்.

கண்டுபிடித்துவிட்டார். எண்ணெய் கீழேயிருந்து வரவில்லை, அச்சின் தலையிலிருந்து வழிந்து வந்தது. அங்கே கட்டைவிரல் பருமனில் ஒரு பித்தளைத் துண்டு திருகியிருந்தது. அதன் தலையில் ஒரு குட்டி மூடி. தொட்டால் மூடி கடகடவென்று ஆடியது. இறுக்கிப் பார்த்தார், இறுகவில்லை. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எட்டு ஞாயிறு இரண்டு பேர் மாரடித்தது இந்த ஆடுகிற மூடிக்கா? மரையை அளந்தார். அவர் பையிலேயே அந்த அளவுக்குப் பித்தளை அடைப்பான் இருந்தது. ஆயுசு முழுக்க அவர் திருகிய சாமான். பழைய துண்டைக் கழற்றி எறிந்துவிட்டு, அடைப்பானில் ஒன்பது சுற்று டேப் சுற்றி, மேலே பசை தடவி, சுத்தமாகத் திருகி மூடினார். அது ஒரு நல்ல குழாய்க்காரரின் வேலை. ஆயிரம் வருடம் ஆனாலும் அங்கே கசியாது.

வியாழக்கிழமை ஏழாம் நம்பர் டப்பா காய்ந்து கிடந்தது. வெள்ளிக்கிழமையும் அப்படியே. வெள்ளைத் தளத்தில் அரை மணி நேரம் வண்டி நின்றது. சந்தேகத்துக்கு இன்னும் பத்து நிமிடம் நிற்கட்டும் என்று மேற்பார்வைப் பெண் கேட்டாள், நிற்கட்டும் என்றார். காவலாளியின் சுண்ணாம்பு வாளிக்கு அன்று வேலை இல்லை. அவள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த தாளை அவர் நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்து, பைக்கு மேல் கையை வைத்தபடியே ஒற்றைக் கையால் வண்டி ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். சனிக்கிழமை திரும்பிய மூக்கர், எப்படி நிறுத்தினீர்கள் என்று கேட்டதற்கு, தொழில் ரகசியம் என்று கண்ணடித்துவிட்டார். அவர் வாழ்க்கையில் இப்படிக் கண்ணடித்த நாட்கள் ரொம்பக் குறைவு.

அதே சனிக்கிழமை மாலை அவர் மனைவி வேலையிலிருந்து திரும்பும்போது இஸ்திரி அறையின் மேலங்கியையும் சுருட்டிக் கொண்டுவந்திருந்தாள். நின்றுவிட்டேன் என்றாள். முதல் சம்பளம் வரட்டும் என்று அவர் சொல்லியிருந்தார், அவளும் சரி என்றுதான் சொல்லியிருந்தாள். ஆனால் அன்றைக்கு மேசைமேல் அடுக்கிய விரிப்புகளைப் பார்த்ததும் இனி ஒன்றுகூட முடியாது என்று இருந்ததாம். முதலாளியிடம் போய்ச் சொன்னபோது பயமாகத்தான் இருந்தது, ஆனால் வாசலைத் தாண்டியதும் பாட்டுப் பாட வேண்டும்போல் இருந்தது என்றாள்.

அடுத்த நாட்களைப் பற்றி அதிகம் சொல்ல எதுவுமில்லை. நன்றாக இருந்தன, அவ்வளவுதான். அவர் விடிகாலையில் தானே டீ போட்டுக் குடித்துவிட்டுப் போவார், அவள் தூங்கிக்கொண்டிருப்பாள். ஏழு மணி, ஏழரை மணி வரை தூங்கினாள். இருபது வயதில்கூட இப்படித் தூங்கியதில்லை என்றாள். மலையில் ஆட்கள் அவரை அப்பா என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். அதில் ஒரு வெல்டர், சின்ன வயது, வாயைத் திறந்தால் எல்லாரையும் சிரிக்கவைப்பான். எட்டாம் நாள் மாலை குழாய்க்காரர் வீட்டுக்குள் நுழைந்தபோது மனைவி சுவரில் சாய்ந்து காலை நீட்டி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவர் அவள் காலையே பார்த்தபடி நின்றார். கணுக்கால் எலும்பு இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டு தெரிந்தது. என்னங்க அப்படிப் பார்க்கிறீங்க என்று அவள் புடவையை இழுத்து மூடிக்கொண்டாள்.

பத்தாம் நாள் மாலை. மேலே பழுதான பழைய மோட்டார் ஒன்றை ஏற்றிக்கொண்டு, ஆறு ஆட்களோடு வண்டி இறங்கியது. இடப்பக்கம் மண்மேடு, வலப்பக்கம் கீழே தண்ணீர். நாலாவது திருப்பத்தில் பிரேக்கை மிதித்தார். பெடல் கல்லில் மோதியதுபோல் இறுகி நின்றது, வண்டிதான் நிற்கவில்லை. மறுபடி மிதித்தார். பின் சக்கரங்கள் பிடிக்கவே இல்லை. மொத்தப் பாரமும் முன் சக்கரங்களுக்கு வந்து, ஏதோ கருகுகிற நாற்றம் எழுந்து, பிறகு அவையும் கைவிட்டன. கியரைக் குறைத்தார், இயந்திரம் அலறியது. பின்னால் ஆட்கள் சத்தம் போட்டார்கள். அவருக்குத் தோன்றியது ஒன்றுதான். தண்ணீர்ப் பக்கம் போகக்கூடாது. ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்து, வண்டியை மண்மேட்டில் உரசவிட்டார். இருபது அடி தூரம் தகரம் கிழிகிற சத்தத்தோடு போய், ஒரு பாறையில் முட்டி நின்றது.

எல்லாரும் உயிரோடு இருந்தார்கள். வெல்டர் மட்டும், வண்டி தண்ணீருக்குள்தான் போகிறது என்று நினைத்துக் குதித்திருந்தான். வலது மணிக்கட்டு மடங்கிவிட்டது. பாதையோரம் உட்கார்ந்து அந்தக் கையை இடது கையில் ஏந்தி வைத்துக்கொண்டிருந்தான். அப்போதும் அவன், ஒண்ணுமில்லப்பா, ஒண்ணுமில்லப்பா என்று அவருக்குத்தான் சமாதானம் சொன்னான். குழாய்க்காரருக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து விழுங்கினால் தேவலை என்று இருந்தது.

வெல்டரை வேறு வண்டியில் மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டு மேற்பார்வைப் பெண் வந்தாள். மூக்கரும் ஆள்விட்டு அழைக்கப்பட்டு வந்து சேர்ந்தார். பின் சக்கரங்களைக் கழற்றினார். உள்ளே புதுப் பிரேக்குப் பட்டை எண்ணெயில் ஊறி மினுமினுத்தது. அவர் தொட்டு மோந்தார். அச்சின் எண்ணெய்தான். ஒரு பக்கத்து வளையம் போகலாம், இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் எப்படிப் போகும் என்று முனகிக்கொண்டே அடியில் போனார். குழாய்க்காரர் மட்டும் பக்கத்தில் நின்றிருந்தார். வெளியே வந்தபோது மூக்கரின் குரல் ரகசியமாகிவிட்டிருந்தது.

"அண்ணே, மேல இருந்த மூச்சுத் துளைய யாரு அடைச்சது?"

"எது?"

"ஆடுற மூடி ஒண்ணு இருந்திருக்கும். அது ஆடத்தாண்ணே செய்யணும். ஓடும்போது அச்சு சூடாகும், உள்ள இருக்கிற காத்து விரியும். அதுக்கு வெளிய போக வழி வேணும்ல. வழிய நீங்க அடைச்சுட்டீங்க, அது ரெண்டு சக்கரத்து வளையத்தையும் கிழிச்சுக்கிட்டு எண்ணெயோட வந்துருச்சு." கையைத் துணியில் துடைத்துக்கொண்டே, "எண்ணெய் கொஞ்சம் கூடுதலா இருந்துச்சு, அதான் மேல வழிஞ்சிருக்கு. ஒரு கரண்டி இறக்கியிருந்தா தானா நின்னிருக்கும்ணே" என்றார்.

குழாய்க்காரருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. அந்த ஊரில் நானூறு மேல்மாடித் தொட்டிகளுக்காவது அவர் காற்றுக்குழாய் வைத்திருப்பார். காற்றுக்கு வழி விடாமல் குழாய் போட்டால் மூட்டு தெறிக்கும் என்று எத்தனையோ வீட்டுக்காரர்களிடம் தலைதலையாய் அடித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். எதற்கு இந்த வெட்டிக் குழாய் என்று கேட்டவர்களை முட்டாள்கள் என்று திட்டியும் இருக்கிறார். ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி. அவர் வண்டியின் பக்கவாட்டில் கையை ஊன்றிக்கொண்டார். ஊன்றாவிட்டால் கீழே உட்கார்ந்திருப்பார், உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது.

மூக்கர் அந்த அடைப்பானைக் கழற்றித் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். தன் கொட்டகையில் அந்த ஆடுகிற மூடிபோல் ஒன்று கிடக்கிறது, போட்டுவிடலாம், யாருக்கும் தெரிய வேண்டாம் என்றார். வளையம் பழசு, அதனால் போய்விட்டது என்று சொல்லிவிடலாம். அது பொய்யும் இல்லை.

மேற்பார்வைப் பெண் தாளோடு வந்தாள். அவளுக்கு அவரைக் காப்பாற்றத்தான் ஆசை. விவரமாகச் சொன்னாள். சாமான் பழசாகிப் போயிருந்தாலோ மெக்கானிக் வேலையில் பிசகு இருந்தாலோ சரிசெய்துவிட்டு அடுத்த வாரமே வரலாம், வேலை போகாது. ஓட்டுநரே எதையாவது மாற்றிக் கெடுத்திருந்தால்தான் போகும். பிரேக்கு வேலை யார் செய்தது என்று மட்டும் எழுத வேண்டும். அந்த மெக்கானிக்கை இனி நீர்த்தேக்க வண்டிகள் எதிலும் கைவைக்க விடமாட்டார்கள், அவ்வளவுதான். மூக்கர் குழாய்க்காரரைப் பார்க்காமல், எழுதிக்கங்கம்மா, நான்தான் செஞ்சேன் என்றார். அந்த வண்டிகளில் பாதியை அவர்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பேனாவைத் திறந்தாள்.

"அவரு இல்லம்மா. அடைக்கக் கூடாத இடத்தை நான்தான் அடைச்சேன். சொட்டு நிக்கணும்னு அடைச்சேன்" என்றார் குழாய்க்காரர்.

இதை நேர்மை என்று சொல்லிப் பாராட்டினால் அவரே ஒப்புக்கொள்ளமாட்டார். வாய் முந்திக்கொண்டது, அவ்வளவுதான். சொல்லி முடித்த அந்த நொடியே, வீட்டில் நீட்டிய கால்கள் இரண்டும் கண்ணுக்கு முன்னால் வந்தன. சொன்னதைத் திரும்ப விழுங்கிவிட முடியுமா என்று பார்த்தார். வேறு எதையாவது சேர்த்துச் சொல்லி மாற்றிவிடலாமா என்று தேடினார். ஒன்றும் அகப்படவில்லை. மேற்பார்வைப் பெண், ஏங்க சொன்னீங்க என்று மட்டும் மெல்லக் கேட்டுவிட்டு, எழுத வேண்டியதை எழுதினாள்.

வீட்டில் அவர் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னார். மனைவி முதலில் கேட்டது வெல்டரின் கையைப் பற்றி. எலும்பு கூடிவிடும், ஆனால் மூன்று மாதம் வேலை செய்ய முடியாது என்றார். அவனுக்கு வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள். அம்மா மட்டும் என்றார். அந்த மெக்கானிக் பெயரையே எழுதட்டும் என்று விட்டிருக்கலாமே என்று அவள் கேட்பாள் என்று அவர் காத்திருந்தார். கேட்டிருந்தால் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்திருக்கும். அவள் சோற்றை வைத்தாள், இரண்டு பேரும் சாப்பிட்டார்கள்.

மறுநாள் காலை அவள் சொல்லாமல் வெளியே போனாள். அவர் வாசலில், கதவு நசுங்கிய வண்டியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். இரும்புக் கடைக்காரன் வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்து ஒரு விலை சொன்னான். அது அவருடைய மரை இயந்திரத்தின் விலையில் பாதி. யோசித்துச் சொல்கிறேன் என்றார். அது வெறும் பேச்சு என்று இருவருக்கும் தெரியும்.

உச்சிவெயில் ஏறியபோது அவள் திரும்பி வந்தாள். வேகமாக நடந்து வந்திருக்க வேண்டும், மூச்சு வாங்கியது. முகம் பளிச்சென்று இருந்தது. எங்கே போயிருந்தாய் என்று அவர் கேட்பதற்குள் அவளே சொல்லிவிட்டாள்.

"வேலை திரும்பக் கிடைச்சிருச்சுங்க."

பழைய இடத்தில் வேறு பெண்ணைப் போட்டுவிட்டார்களாம். ஒன்றரை மணி நேரம் முதலாளி அறைக்கு வெளியே நிற்கவைத்திருக்கிறார். கடைசியில் பெரிய விரிப்புகள் போடுகிற மேசை காலியாக இருக்கிறது, அதற்கு வேண்டுமானால் வா என்றிருக்கிறார். கொதிகலனுக்குப் பக்கத்து மேசை அது, யாரும் அங்கே ஆறு மாதத்துக்கு மேல் நிற்பதில்லை. எங்கே மாட்டேன் என்று சொல்லிவிடுவாரோ என்று வழியெல்லாம் பயந்துகொண்டே போனேன், மனுஷன் மோசமில்லை, கொடுத்துவிட்டார் என்று அவள் சந்தோஷமாகச் சொன்னாள். அது நடிப்பு இல்லை, நிஜமான சந்தோஷம். அவருக்கு அதுதான் தாங்க முடியவில்லை. இரண்டு வருடமாக எந்த வேலையிலிருந்து அவளை மீட்க வேண்டும் என்று பாடுபட்டாரோ, அந்த வேலை கிடைத்ததற்கு அவர் நிம்மதிப்பட வேண்டியிருந்தது. நிம்மதிப்படவும் செய்தார். அந்த மாதத்துக்கு வேறு வழி இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

"நல்லதாப் போச்சு" என்றார். குரல் சரியாகவே வந்தது.

அவள் உள்ளே போய் மேலங்கியை எடுத்து உதறினாள். கொடியில் போட்டுவிட்டுத் திரும்பியவள், ஏதோ வேடிக்கை நினைவுக்கு வந்தவள்போல் சிரித்தாள்.

"நாளைக்கு அஞ்சு மணிக்கு என்னை எழுப்பிவிட்டுருங்க. இந்தப் பத்து நாள்ல தூங்கிப் பழகிட்டேன், தானா முழிப்பு வராது."

"எழுப்பறேன்" என்றார் அவர்.